நோன்பும் பன்றிக்கறியும்

ஜார்க்கண்டு மடத்திலிருந்து,
12 ஜனவரி 2012

வக்கச்சனுக்கு,

நம் கர்த்தர் ஈசோ மிசிகாவுக்குத் துதி. நான் இங்கே நலம், குளிர் மட்டும் எலும்பைத் தின்கிறது. நீ நலமா என்று கேட்பது முறை. உன் ஈரல் கெட்டு, மாற்றினால்தான் பிழைப்பாய் என்று உன் பெண்டாட்டி அச்சாம்மா போனில் அழுத பிறகு அந்தக் கேள்விக்கு என்ன வேலை இருக்கிறது?

ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நீ "சரி சேச்சி, சரி சேச்சி" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போடலாம், அதற்கும் முதலில் கையில் எடுக்கவேண்டும்.

இருபத்தைந்து வருஷம் விடாமல் பிராந்தி குடித்து ஓர் ஈரலைக் கொன்றிருக்கிறாய். இந்த உழைப்பில் பாதியை அப்பன் விட்டுப்போன ரப்பர் தோட்டத்தில் காட்டியிருந்தால் இன்று பாலா ஊரில் பாதி உன் பெயரில் இருந்திருக்கும். இப்போது எட்டு மாதமாகத் தொடவில்லையாம். பெரிய சாதனை. வீடு எரிந்து முடிந்தபின் தீப்பெட்டியை ஒளித்துவைக்கிறாய்.

உனக்கு ஈரல் தருகிறவன் நம் தம்பி தொம்மி என்று கேட்டபோது சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் அம்மை ஊசி போட வந்தவர்களைப் பார்த்துக் கழிப்பறையில் ஒளிந்தவன். அவன் வயிற்றைக் கிழித்துக்கொள்ளச் சம்மதித்தானா? உனக்காகவா? அவனுக்கும் புத்தி கெட்டுவிட்டது.

டாக்டர் என்ன சொன்னார் என்று ஒன்றுவிடாமல் எழுது. ஜெபத்தில் நினைக்கிறேன், வேறு வழியில்லாமல்.

பெர்பெத்துவா சேச்சி

*

பாலா,
25 ஜனவரி

சேச்சிக்கு,

எப்போதும் துதி. சேச்சியின் அன்பான கடிதம் வந்தது. படித்ததும் பாதி வியாதி போய்விட்டது, மீதிக்குத்தான் கொச்சிக்குப் போனோம்.

டாக்டர் சின்னப் பையன். மீசை இப்போதுதான் முளைக்கிறது. "மாத்துறது எங்க கையில இருக்கு அங்கிள். அதுக்கப்புறம் முதல் மூணு மாசத்தைத் தாண்டுறது உங்க கையில இருக்கு" என்றான். அந்த மூன்று மாதத்துக்குள் செத்துப்போகிறவர்கள் யார் யார் என்று கேட்டேன். விரல் மடக்கிச் சொன்னான். வயதானவர்கள், கிட்னி களைத்தவர்கள், உடம்பில் நீர் கோத்தவர்கள், கைகால் சதை வற்றியவர்கள். இந்தக் கடைசி ஆட்களைத்தான் ரொம்ப பயத்தோடு சொன்னான். சதை இல்லாதவன் ஆபரேஷனுக்குப் பிறகு எழுந்து உட்கார மாட்டானாம், இருமமாட்டானாம், சளி கட்டி நெஞ்சு கெட்டுவிடுமாம். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு இருந்தேன், எல்லாம் என் உடம்பிலேயே இருந்ததால் சொந்தக்காரர்களை விசாரிக்கிற மாதிரி இருந்தது.

இன்னொன்று, கொடுக்கிற ஈரலில் கொழுப்பு இருந்தால் அதுவும் ஆபத்தாம். தொம்மியின் ஈரலைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி என்ன தொழில் பண்றார்?" என்றான். "பேக்கரி" என்றேன். "தெரியுது" என்றான். நம் குண்டன் அப்போது வெளியே நின்று பப்ஸ் தின்றுகொண்டிருந்தான். ஈரலில் கொழுப்பு கரையாவிட்டால் அவனை எடுக்க மாட்டார்களாம். "தம்பிகிட்ட நீங்களே சொல்லிடுறீங்களா?" என்றான் பையன். சொல்லிவிடுகிறேன் என்று வந்துவிட்டேன்.

கால் வீங்கியிருக்கிறது. தூக்கம் இல்லை. மற்றபடி சுகம். அங்கே குளிருக்குக் கம்பளி போதுமா? அனுப்பவா?

வக்கச்சன்

*

ஜார்க்கண்டு,
8 பிப்ரவரி

வக்கச்சனுக்கு,

துதி. கம்பளி இருக்கிறது. உன் கவலை உன்னோடு இருக்கட்டும்.

எங்கள் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் சிஸ்டரிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவள் சொன்னதைக் கேள். மஞ்சள்காமாலை என்றதும் நம் ஊரில் உப்பில்லாத கஞ்சியும் கீழாநெல்லியும் கொடுத்துப் பட்டினி போடுவார்களே, அது உன்னைப் போன்றவர்களுக்கு விஷம் என்கிறாள். உனக்கு உப்பைக் குறைக்கவேண்டும், சாப்பாட்டைக் கூட்டவேண்டும். முட்டை, மீன், பயறு, படுக்கப்போகும்முன் மறுபடி ஏதாவது. நடக்கவேண்டும். தொம்மி அதற்கு நேர்மாறு, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இளைக்கவேண்டும்.

ஆக, ஒருவன் தின்னவேண்டும், ஒருவன் தின்னக்கூடாது. நம் குடும்பத்தில் இதைவிடச் சுலபமான வேலையை யாருக்கும் கொடுத்ததில்லை. இதையும் கெடுத்துவிடாதே.

பெர்பெத்துவா

*

பாலா,
27 பிப்ரவரி

சேச்சிக்கு,

எப்போதும் துதி. அங்கே சிஸ்டர்கள் எல்லாரும் சுகம்தானே?

சேச்சிக்கு ஒரு நல்ல செய்தி. இந்த வருஷம் உயிர்ப்பு ஞாயிறு வரை ஐம்பது நாள் நோன்பும் நான் பிடிக்கிறேன். இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை. பெரிய வெள்ளிக்கிழமையன்று மாட்டுக்கறி தின்று உங்களையெல்லாம் அழவைத்தவன் நான். நாற்பது வருஷமாக நீ என்னை இதற்காகத் திட்டினாயே, உன் ஜெபம் பலித்துவிட்டது. பங்குச் சாமியாரே கேட்டுவிட்டு, "நம் பங்கில் ஒரு பெரிய பாவி மனந்திரும்பினார்!" என்று பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். பெயர் சொல்லாமல்தான், ஆனால் கோவிலில் எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

நோன்புக்கு முந்தின பேத்துர்த்தா ஞாயிறன்று தொம்மியையும் அவன் பெண்டாட்டியையும் குழந்தையையும் கூப்பிட்டு விருந்து வைத்தோம். தேங்காய்க்கொத்து போட்டுப் பன்றிக்கறி, வாத்துக்கறி, கள்ளப்பம். நான் தொடவில்லை, பார்த்துக்கொண்டு இருந்தேன். இனி ஞாயிறுதோறும் அவனுக்கு இங்கேதான் சாப்பாடு. ஈரல் கொடுக்கிறவனுக்கு நோன்பு கிடையாது என்று நானே விலக்கு கொடுத்துவிட்டேன். பின்னே, ஒரு மனுஷன் தன் உடம்பை அறுத்துக் கொடுக்கிறான், அவனுக்கு வெறும் கஞ்சியா ஊற்றுவது? ஊர் என்ன சொல்லும்?

அந்தத் தீனிப்பண்டாரம் தின்றதை நீ பார்த்திருக்கவேண்டும். எலும்பை உறிஞ்சிய சத்தம் மீனச்சிலாறு வரை கேட்டிருக்கும்.

வக்கச்சன்

*

ஜார்க்கண்டு,
9 மார்ச்

அச்சாம்மாவுக்கு,

துதி. நீ சுகம் என்று நம்புகிறேன்.

உன் புருஷனுக்கு எழுதிப் பிரயோஜனமில்லை, அதனால் உனக்கு. நோயாளிக்கு நோன்பு கிடையாது, இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். சாமியாருக்குத் தெரியவில்லை என்றால் அவரை என்னிடம் அனுப்பு. பட்டினி கிடக்கவேண்டிய தொம்மிக்குப் பன்றிக்கறியும், தின்னவேண்டிய வக்கச்சனுக்குக் கஞ்சியும் பரிமாறுகிறவள் எந்த ஊர்ப் பெண்? நீ காலேஜ் படித்தவள் என்று சொல்லித்தான் கல்யாணம் பேசினார்கள். ஒரு முட்டையை அவித்துப் புருஷன் வாயில் வைக்க இன்னும் எந்தப் பட்டம் வாங்கவேண்டும்?

ஒவ்வொரு ஞாயிறும் அவனுக்குச் சவப்பெட்டி செய்துகொண்டிருக்கிறாய். பரிமாறுகிற கை உன்னுடையது.

பெர்பெத்துவா

*

பாலா,
24 மார்ச்

சேச்சிக்கு,

எப்போதும் துதி. இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம்.

ஆயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்து உத்தரவு போடுகிறவர்களுக்குப் பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். நீங்கள் பதினேழு வயதில் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு மடத்துக்குப் போனீர்கள். உங்கள் அப்பாவுக்குக் கடைசி வரை மலம் அள்ளினவள் நான். உங்கள் தம்பியின் வாந்தியைக் கழுவினவளும் நான். எனக்கு முட்டை அவிக்கத் தெரியும்.

தினமும் அவிக்கிறேன். நான் அந்தப் பக்கம் திரும்பினால் அவர் நாய்க்குப் போட்டுவிடுகிறார். நாய் பளபளவென்று இருக்கிறது, வந்து பாருங்கள். ராத்திரி பால் கொடுத்தால், "சேச்சி கேட்டா என்ன சொல்லுவா? நோம்பு முறிஞ்சு போகும்டி" என்று உங்கள் பேரைச் சொல்லியே தள்ளிவைக்கிறார்.

பன்றிக்கறியும் நான் வாங்குவதில்லை. சனிக்கிழமை காலையில், நிற்க முடியாத காலோடு, ஆட்டோ பிடித்து அவரே சந்தைக்குப் போய்க் கொழுப்புள்ள துண்டாகப் பார்த்து வாங்கிவருகிறார். தொம்மி போதும் போதும் என்றாலும் விடுவதில்லை. "டேய், டாக்டர் சொல்லிருக்கார். ஈரல் கொடுக்கிறவன் நல்லா சாப்பிட்டு பலமா இருக்கணுமாம். தின்னுடா" என்று தன் கையாலேயே போடுகிறார். நான் நடுவில் வாயைத் திறந்தால், "அடுப்பைப் பாருடி" என்கிறார்.

டாக்டர் அப்படியா சொன்னார்? இரண்டாம் தடவை போனபோது நானும் உள்ளே இருந்தேன். தம்பி இளைக்கவேண்டும், நீங்கள் சாப்பிடவேண்டும் என்று மலையாளத்தில்தான் சொன்னார். இவருக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ராத்திரி பக்கத்தில் படுத்திருக்கும்போது அவர் தோள் எலும்பு என் கையில் குத்துகிறது.

சவப்பெட்டி என்று எழுதினீர்கள். அதை நான் மறக்கமாட்டேன்.

அச்சாம்மா

*

ஜார்க்கண்டு,
10 ஏப்ரல்

வக்கச்சா,

உயிர்ப்பு ஞாயிறு வாழ்த்துகள். உன் சுகத்தைக் கேட்கப்போவதில்லை.

உன்னை முட்டாள் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். டாக்டர் சொன்னதை நம் வீட்டில் மிகச் சரியாகப் புரிந்துகொண்டவன் நீதான். எதெல்லாம் செய்தால் மனிதன் சீக்கிரம் சாவான் என்று அந்தப் பையன் விரல் மடக்கிச் சொன்னான், நீ அதையே சமையல் குறிப்பாக எடுத்துக்கொண்டாய். தொம்மியை ஆஸ்பத்திரி வேண்டாம் என்று தள்ளவேண்டும், அதற்குப் பன்றிக்கறி. உன்னை ஆபரேஷனுக்கு லாயக்கில்லை என்று தள்ளவேண்டும், அதற்கு நோன்பு. அதுவும் என் பேரில்!

தின்னாமல் சாவைத் தேடிப் போவதற்குத் திருச்சபையில் ஒரு பெயர் உண்டு. இங்கே எழுதமாட்டேன். ஊரெல்லாம் உன்னை மனந்திரும்பியவன் என்கிறது, சாமியார் பிரசங்கம் வைக்கிறார். த்தூ!

வாயைத் திறந்து அவனிடம் "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தம்பியிடம் அன்பாக ஒரு சொல் சொல்வதைவிடப் பட்டினி கிடந்து சாவது உனக்குச் சுலபமாக இருக்கிறது. நம் அப்பனின் மகன்தான் நீ, சந்தேகமே இல்லை.

பதில் எழுது. இல்லாவிட்டால் தொம்மிக்கு எழுதுவேன்.

பெர்பெத்துவா

*

பாலா,
21 மே

சேச்சிக்கு,

எப்போதும் துதி. பதில் தாமதம். இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் வயிற்று நீர் எடுத்தார்கள். அங்கே வெயில் எப்படி?

இங்கே மழை முன்னாலேயே தொடங்கிவிட்டது. ரப்பர் மரத்துக்கெல்லாம் மழைக்குப் பிளாஸ்டிக் கட்டி முடிக்கவில்லை, பால்வெட்டு நின்றுவிட்டது. பலா இந்த வருஷம் அபாரம், தின்ன ஆள் இல்லை. அச்சாம்மாவின் தங்கை மகளுக்குக் கல்யாண மனசம்மதம் முடிந்தது, பையன் அயர்லாந்தில் நர்ஸ்.

சேச்சி எழுதியதைப் படித்தேன்.

ரப்பரில் ஒட்டுக் கட்டுவதை நீ மறந்திருக்கமாட்டாய். வேர் செத்த கட்டையில் எவனும் நல்ல மொட்டைக் கொண்டுபோய்க் கட்டமாட்டான். கட்டினால் கட்டையும் போகும், மொட்டும் போகும். எனக்கு அதைத் தவிர வேறெதுவும் தெரியாது.

டாக்டரிடம், "கொடுக்கிறவன் சாவானா?" என்று கேட்டேன். "ரொம்ப அபூர்வம் அங்கிள்" என்றான். "அபூர்வம்னா உண்டுங்கிறியா இல்லைங்கிறியா?" என்றேன். ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தான். தொம்மிக்குக் கல்யாணமே நாற்பதில்தான் நடந்தது. அவன் பொண்ணுக்கு ஐந்து வயசு. வந்தால் என் மடியில்தான் உட்காருவாள், வயிற்றில் தட்டி, "பெரியப்பா, உள்ளே தண்ணி இருக்கு" என்பாள்.

அவனிடம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். முதல் வாரத்திலேயே சொன்னேன். அந்தக் குண்டன் கேட்கவில்லை. "நீ சும்மா இரு சேட்டா" என்று அழ ஆரம்பித்துவிட்டான். அவன் அழுதால் எனக்குப் பார்க்கச் சகிக்காது, மூக்கெல்லாம் ஒழுகும்.

அவனுக்கு எழுதாதே. நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

வக்கச்சன்

*

பாலா,
9 ஜூன்

அன்புள்ள சேச்சிக்கு,

ஈசோ மிசிகாவுக்குத் துதி. நான், மகள் குஞ்ஞுமோள், அவள் அம்மா எல்லாரும் சுகம். சேச்சிக்கு முட்டிவலி எப்படி?

சேச்சி எனக்கு எழுதிய கடிதம் வந்தது. படித்ததும் பேக்கரி மாவு மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். ஆனால் சேச்சி, அதில் பன்றிக்கறி விஷயம் எனக்கு மார்ச்சிலேயே தெரியும், அவன் நோன்பைத்தான் பக்தி என்று நம்பிவிட்டேன்.

எல்லாரும் என்னைத் தின்னத் தெரிந்த மக்கு என்று நினைக்கிறீர்கள். சேட்டன் சாப்பாட்டுத் தட்டில் தன் பங்கை எனக்குத் தள்ளுகிற ஆளா? சின்ன வயதில் என் மீன்துண்டைப் பிடுங்கித் தின்றவன். மூன்றாவது ஞாயிறு பன்றிக்கறி வைத்தபோதே சந்தேகம் வந்தது. மறுநாள் கொச்சிக்குத் தனியாக பஸ் ஏறினேன். டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அதிலிருந்து நானும் நடிக்கிறேன். ஞாயிறு மட்டும் அங்கே தின்பேன், அவன் மனம் நோகாமல். மற்ற நாளெல்லாம் பயறும் வெள்ளரிக்காயும். விடிகாலையில் பேக்கரி அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் பரணங்கானம் வரை நடப்பேன். இளைத்தது தெரியாமலிருக்க உள்ளே இரண்டு பனியன், மேலே பழைய பெரிய சட்டை. சேட்டன் என் வயிற்றைப் பார்த்துச் சந்தோஷப்படுவான். "நல்லா இருக்கேடா, நல்லா இருக்கே" என்பான். உள்ளே வேர்த்து ஊற்றும்.

போன வாரம் மறுபடி படம் எடுத்தார்கள். ஈரல் சுத்தம். சட்டையைக் கழற்றி இரண்டு பனியனையும் கழற்றி அவன் முன்னால் நின்றேன். அவன் முகத்தைச் சேச்சி பார்த்திருக்கவேண்டும். "சதிகாரப் பயலே" என்றான். பிறகு, "நான் வரமாட்டேன், உன்னால என்னடா செய்ய முடியும்?" என்றான். கையோடு வாங்கிப்போயிருந்த பிராந்தி பாட்டிலை மேசைமேல் வைத்தேன். "நீ ஆபரேஷனுக்குப் படுக்கலைன்னா நான் இன்னைக்கே ஆரம்பிக்கிறேன். உன்னை மாதிரியே இருபத்தஞ்சு வருஷம். ஈரல் எப்படியும் வீணாகத்தானே போகுது" என்றேன். மூடியைத் திறந்துவிட்டேன்.

அவன் பாட்டிலைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தான். அச்சாம்மா சேச்சி உள்ளேயிருந்து ஓடிவந்து எங்கள் இரண்டு பேரையும் விறகுக்கட்டையால் அடித்தாள்.

ஜூன் 27 என்று நாள் குறித்திருக்கிறது. சேட்டனை இப்போதே சேர்த்துவிட்டார்கள். ரொம்ப வற்றிப்போய்விட்டான் என்று மூக்கில் குழாய் வைத்துச் சத்துக்கஞ்சி விடுகிறார்கள். இரண்டு வாரத்தில் ஏறுகிற மட்டும் ஏறட்டும் என்கிறார் டாக்டர். அதற்குமேல் தள்ளிப்போட ஈரல் தாங்காதாம்.

ஜெபியுங்கள் சேச்சி. எனக்கு ஊசி என்றால் இன்னமும் பயம்.

தொம்மி

*

ஜார்க்கண்டு,
16 ஜூன்

வக்கச்சனுக்கு,

துதி. தோற்றுவிட்டாய். பிள்ளைப்பூச்சி என்று நினைத்தவனிடம் தோற்றிருக்கிறாய். வாழ்த்துகள்.

இந்தக் கடிதம் ஆஸ்பத்திரிக்கு வரும். மூக்கில் குழாயோடு படித்தாலும் படி. இனி உனக்கு ஒரே வேலை, தின்பது. குழாயில் ஊற்றுவதையும் தின்னு, வாயில் வைப்பதையும் தின்னு. எழுந்து நட. வராந்தாவில் நாலடி வைத்தாலும் சரி. இருமு. நீ சாவதற்காகச் சேர்த்துவைத்ததையெல்லாம் இந்தப் பத்து நாளில் திருப்பித் தரமுடியாது என்று எனக்குத் தெரியும். முயற்சி செய்.

உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் கொஞ்சமில்லை. நீ செத்தால் அந்தக் கோபத்தை நான் யார்மேல் காட்டுவது? அதற்காகவாவது இரு. நான் சொல்லிப் பழகாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து தினமும் உன் பெயரைத்தான் முதலில் சொல்லி ஜெபிக்கிறேன். தொம்மியின் பெயர் இரண்டாவது.

சேச்சி

*

பாலா,
30 செப்டம்பர்

அன்புள்ள சேச்சிக்கு,

துதி. சேச்சி சுகமா? நாங்கள் சுகம். அச்சாம்மா சேச்சி கறுப்புப் புடவையில் கோவிலுக்கு வருகிறாள், யாரோடும் பேசுவதில்லை. உங்கள் கடைசிக் கடிதத்தைச் சேட்டனின் தலையணைக்கடியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறாள்.

அடக்கத்துக்குச் சேச்சியால் வரமுடியவில்லை. போனில் எனக்கும் பேச்சு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. வைத்த அன்றே ஈரல் வேலை செய்ய ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் அவன் கண்ணில் மஞ்சள் போய் வெளுத்துவிட்டது, சேச்சி, நாங்கள் சின்னப் பிள்ளையில் பார்த்த வெள்ளை. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே நின்றேன். உள்ளே கூப்பிட்டான். "நல்ல சரக்கைக் கொண்டுவந்து ஓட்டைச் சட்டியில ஊத்திட்டியேடா மடையா" என்றான். "நீ பேசாம இருமு" என்றேன். இருமப் பார்த்தான். வாய் திறந்தது, நெஞ்சு எழும்பவே இல்லை. அவன் உடம்பில் ஓர் இருமலுக்கான பலம் மிச்சமில்லை. சளி கட்டி, காய்ச்சல் வந்து, மூச்சு மிஷினில் வைத்தார்கள். இருபதாம் நாள் போய்விட்டான்.

டாக்டர் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஈரல் கடைசி நிமிஷம் வரைக்கும் ஒழுங்கா வேலை செஞ்சுது. அதுல ஒரு குறையும் இல்ல" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். கேட்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

நேற்று எனக்கு மூன்றாம் மாதச் சோதனை. படம் எடுத்துப் பார்த்தார்கள். சேச்சி, வெட்டி எடுத்த பாதி திரும்ப வளர்ந்துவிட்டது. முழுசாக. வடு இல்லாவிட்டால் யாரும் நம்பமாட்டார்களாம். எனக்கு ஒன்றுமே குறையவில்லை. இது இப்படித்தான் வளரும் என்று சேட்டனிடம் முதல் நாளே சொன்னாராம் டாக்டர். அவன் சிரித்துவிட்டு, "வெட்டின கொம்பு வளரும் டாக்டரே, ஆளு போனா திரும்ப வளருவானா?" என்றானாம்.

மூன்று மாதத்தில் தானாக முளைத்துவிடுகிற ஒன்றுக்காக அந்த மடையன் பட்டினி கிடந்து செத்தான், சேச்சி.

தொம்மி